நூற்று முப்பது ராத்தல்

மேல் கொட்டகைக்குக் கீழ்க் கொட்டகை எழுதிக்கொள்வது.

முதலில் ஒரு திருட்டை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். உம்மை அடக்கம் செய்துவிட்டு வந்த சாயங்காலம் உம்முடைய வீட்டில் ஜெபம் நடந்தது. உபதேசியார் எல்லாரையும் கண்ணை மூடச் சொன்னார். எல்லாரும் மூடினார்கள். நான் மூடவில்லை. சுவரில் ஆணியில் தொங்கிய உம்முடைய பழைய தோல் வாரை மெல்ல எடுத்து, சட்டைக்குள் சொருகிக்கொண்டேன். ஆமென் சொல்லும்போது எல்லாருக்கும் முன்னால் சொன்னவன் நான்தான். அதைக் கேட்ட உம்முடைய சம்சாரம் மைனி, "இவருக்குத்தான் எம்புட்டு வருத்தம் பாருங்க" என்று மறுபடியும் அழத் தொடங்கினார்.

ஒரு மாதமாக அந்த வார் என் துணிப் பெட்டிக்குள் கிடந்தது. இன்று காலையில் பெட்டியைத் திறந்த தங்கம், "இதென்ன, துணிக்குள்ள கிராம்பு மணக்குது? எங்கயிருந்து அள்ளிட்டு வந்திய?" என்று கேட்டாள். பெண்டாட்டி என்னைச் சந்தேகப்படுவது புதிதில்லை. அவள் ஆற்றுக்குத் துவைக்கப் போனதும் வாரை வெளியே எடுத்தேன். கிராம்பு, சக்கரத்துக்குப் பூசுகிற கிரீஸ், உம்முடைய பீடி மூன்றும் கலந்த மணம். அது மூக்கில் ஏறியதும், ஏழு வருசமாக உள்ளே படுத்திருந்த சந்தேகம் எழுந்து உட்கார்ந்துகொண்டது. தங்கத்தின் உயிர் போகவோ இருக்கவோ என்று கிடந்த அந்த நாளில், என்னையும் மருத்துவச்சியையும் நடுப்பள்ளத்துக்கு மேலே தொங்கவிட்டீரே, அது வேண்டுமென்று செய்ததா? அதைக் கேட்கத்தான் இந்தச் சீட்டு. வழக்கமாக எழுதுகிறதைவிடக் கொஞ்சம் நீளம். மூன்றாம் வகுப்போடு நின்றவன் எழுத்து, பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளும். நீரும் நாலாம் வகுப்பைத் தாண்டியவர் இல்லை.

நீர் செத்ததையே நான் முதலில் நம்பவில்லை. பெட்டிக்குள் படுத்திருந்தபோது, உம்முடைய வயிறு ஏறி இறங்குகிறதா என்று வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றேன். ஆட்டுக்குப் பழி வாங்கத்தான் இப்படிச் செய்கிறீரோ என்று ஒரு எண்ணம். ஆட்டுக் கதையைப் பிறகு சொல்கிறேன். மண் போட்ட பிறகுதான் நம்பினேன். நீர் இன்னும் கொஞ்ச நாள் பொறுத்திருக்கலாம் ஓய். நம்ம பக்கம் இப்போது திருவிதாங்கூரை விட்டு மதராசோடு சேர்ந்துவிட்டது. மதராஸ்காரராகச் செத்திருக்கலாம். அவசரப்பட்டுவிட்டீர்.

எஸ்டேட் வரைக்கும் இப்போது லாரி ஏறுகிறது. கம்பி வண்டி என்றால் என் மகளுக்கே தெரியவில்லை. நேற்று அவளுக்கு வாசலில் கயிறு கட்டிக் காட்டினேன். மலை உச்சியில் ஒரு கொட்டகை, அடிவாரச் சாலையில் ஒரு கொட்டகை, இரண்டுக்கும் நடுவே காட்டுக்கும் பள்ளத்துக்கும் மேலாக ஓடுகிற ஒரே வளையமான இரும்புக் கம்பி. கம்பியில் இடைவெளி விட்டுக் கொக்கிகள். ஒரு பக்கம் ரப்பர் ஷீட் கட்டும் கிராம்புச் சாக்கும் இறங்கும், மறுபக்கம் வெறும் கொக்கி ஏறும். எஞ்சின் கிடையாது. இறங்குகிற சரக்கின் கனம்தான் எஞ்சின். மேலே பெரிய சக்கரம், சக்கரத்தை அழுத்திப் பிடிக்க ஒரு மரக்கட்டை, கட்டையை இழுக்க ஒரு கம்பு, கம்பைப் பிடித்துக்கொண்டு நீர். கீழே சரக்கை அவிழ்த்து லாரியில் ஏற்ற நான்.

"ஆளு ஏறணும்னா?" என்று மகள் கேட்டாள்.

"ஆளை விடக் கூடுதல் கனம் அந்தப் பக்கம் எறங்கணும் மக்கா."

"ஆளோட கனம் எப்படித் தெரியும்?"

"ஆளு சொல்லணும்" என்றேன். அப்போது ஒன்றும் உறைக்கவில்லை.

அதில் ஏறுவது எவ்வளவு பாடு என்று உமக்கு மேலிருந்து தெரிந்திருக்காது. கம்பி நிற்காது. கொக்கியில் ஒரு இரும்புத் தண்டும், தண்டின் அடியில் ஒரு முழப் பலகையும் தொங்கும். இடது கையால் தண்டைப் பிடித்து, கூடவே மூன்று அடி ஓடி, பலகையைப் பின்னால் வாங்கி உட்கார வேண்டும். முந்தி உட்கார்ந்தால் பலகை வந்து முழங்காலின் பின்பக்கம் அடித்து ஆளை மடக்கிப்போடும். பிந்தினால் சேற்றில் இழுத்துக்கொண்டு போகும். மார்த்தாண்டத்திலிருந்து புதிதாக வந்த எழுத்துக்காரர் பிந்தினார். கொக்கியில் அவருடைய வேட்டி மாட்டியது. ஆள் கீழேயே நின்றார், வேட்டி மட்டும் மலையேறிப் போயிற்று. அரை மணி கழித்து நீர் அதை மடித்துக் கட்டி, ஒரு சீட்டும் வைத்து அனுப்பினீர். "வேட்டி வந்து சேர்ந்தது. ஆள் எங்கே?"

சிரித்துச் சிரித்து எனக்கு அன்று விலா வலித்தது. ஏறுகிறவர்கள் எல்லாரையும் பார்த்துச் சிரித்தேன். ஆனால் கம்பியடியிலேயே வேலை பார்த்த நான் ஒரு நாளும் அதில் ஏறவில்லை என்பதை நீர் கவனித்தீர். சனிக்கிழமைதோறும் மேலே கூலிக்காரர் லயத்தில் இருக்கிற தங்கத்தைப் பார்க்க நாலு மைல் ஒற்றையடிப் பாதையில் நடந்தே வந்தேன். "கம்பி சும்மாதானே ஓய் வருது, ஏறி வந்தா என்ன?" என்று கேட்டீர். நடப்பது உடம்புக்கு நல்லது, உம்மைப்போல் பூசணிக்காயாக எனக்கு ஆசையில்லை என்றேன். மேல் கொட்டகைப் பூசணிக்காய் என்று உமக்குப் பேர் வைத்தவனே நான்தான். நான் முருங்கைக்காய், நூற்று முப்பது ராத்தலுக்கு மேல் ஒரு நாளும் போனதில்லை என்று எஸ்டேட் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

இனி ஆடு. கீழேயிருந்து ஆள் ஏறினால் கம்பியில் சுத்தியலால் மூன்று தட்டுத் தட்டுவது நமக்குள் ஏற்பாடு. மேலே உமக்குச் சக்கரத்தில் கேட்கும், நீர் மெதுவாக விடுவீர். ஒரு நாள் காலையில், துரை கம்பி வழியாக வருகிறார் என்று சீட்டு அனுப்பிவிட்டு, மூன்று தட்டுத் தட்டினேன். நீர் முகம் கழுவி, மேல் சட்டை போட்டு, கங்காணியையும் வரிசையில் நிறுத்தி வைத்தீர். தலையில் பழந்தொப்பி கட்டின ஒரு கிடா பலகையில் வந்து இறங்கியது. ரப்பர் பால் வெட்டுகிற பெண்கள் ஒரு வாரம் உம்மைப் பார்த்து மே என்றார்கள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை சபைக்கு வெளியே என்னைப் பிடித்து, கோபமே இல்லாமல் சொன்னீர். "உமக்கும் ஒரு நாளு வரும் ஓய்."

கோபத்தோடு சொல்லியிருந்தால் மறந்திருப்பேன். சிரித்த முகத்தோடு சொன்னதால் அன்றிலிருந்து உம்மை நம்பவில்லை. நீர் அனுப்புகிற கட்டுக்குள் பாம்பு இருக்குமோ என்று கம்பால் தட்டிப் பார்த்துத்தான் அவிழ்ப்பேன். கிறிஸ்துமசுக்கு நீர் அனுப்பிய பலாப்பழத்தைக்கூட லாரி டிரைவருக்கு முதலில் கொடுத்து, அவர் நன்றாக இருக்கிறாரா என்று சாயங்காலம் வரை பார்த்தேன்.

அப்புறம் அந்த ஆடி மாதம். மூன்று நாள் விடாத மழை. காலையில் இறங்கிய கட்டு ஒன்றில் உம்முடைய சீட்டு வந்தது. "தங்கத்துக்கு நேத்து சாயங்காலமே வலி கண்டாச்சு. பிள்ளை குறுக்கே கிடக்குன்னு பெண்டுகள் சொல்லுதாவ. பாதை இடிஞ்சு போச்சு. மருத்துவச்சியைக் கூட்டியாரும்."

முதலில் ஆட்டுக்குப் பழியோ என்றுதான் நினைத்தேன் என்பதை இப்போது சொல்ல வெட்கமாக இருக்கிறது. பாதையில் கொஞ்ச தூரம் ஓடிப் பார்த்தேன். மலை சரிந்து பாதை இருந்த இடத்தில் செம்மண் ஓடிக்கொண்டிருந்தது. அப்போதுதான் சீட்டை நம்பினேன். லாரியை மிஷன் ஆசுபத்திரிக்கு விரட்டினேன். மத்தியானத்துக்குள் மருத்துவச்சியம்மா பையோடு வந்து இறங்கினார். கம்பியை நிமிர்ந்து பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"என்னைய போல ஆளு இதுல முன்ன ஏறியிருக்கா?"

"ஏறியிருக்காவ அம்மா."

"எறங்கியும் இருக்காவளா?"

"எறங்கியும் இருக்காவ."

"நீரு ஏறியிருக்கீரா?"

நான் குனிந்து வேட்டியை மடித்துக் கட்டினேன். "அப்பம் நீரு முன்னால ஏறும். ஒமக்கு ஒண்ணும் ஆவலேன்னா நான் பின்னால வாறேன்" என்றார். இப்படியாக, பத்து வருசம் தப்பித்தவன் அன்று மாட்டிக்கொண்டேன்.

ரெண்டு பேர் ஏறுகிறோம் என்று சீட்டு அனுப்பினேன், அடுத்த கொக்கியில் இந்தத் தோல் வார் வந்தது. கூடவே ஒரு சீட்டு. "வார் ஒண்ணுதான் உண்டு. மருத்துவச்சிக்குக் கட்டும். ரெண்டு பேர் எடையும் எழுதி அனுப்பும். சரியா எழுதும். விளையாட்டு வேண்டாம்." எனக்கு ஏன் வார் இல்லை என்று அப்போதே ஒரு சந்தேகம். மருத்துவச்சியம்மாவிடம் எடை கேட்டேன். "போன மாசம் ஆசுபத்திரித் தராசில நூத்தியெண்பது. மறைச்சு என்ன செய்ய, கம்பிக்குத் தெரியாதா?" என்றார். நான் எழுதி அனுப்பினேன். லாரி டிரைவர் சுத்தியலை எடுத்தார்.

முதல் தடவை பலகை என்னை மடக்கிப்போட்டது. இரண்டாம் தடவை சேற்றில் இழுத்தது. மூன்றாம் தடவை எப்படியோ உட்கார்ந்துவிட்டேன், கண்ணைத் திறக்கவில்லை. பின்னால் மருத்துவச்சியம்மா முதல் தடவையிலேயே, திண்டில் உட்காருகிறவரைப் போல உட்கார்ந்து வந்தார். மழை முகத்தில் அடித்தது. மூடுபனியில் மேலும் தெரியவில்லை, கீழும் தெரியவில்லை. அந்தப் பக்கக் கம்பியில் ரப்பர் கட்டுகள் ஒவ்வொன்றாக என்னைக் கடந்து இறங்கின. நடுப்பள்ளத்துக்கு மேலே வந்ததும் கம்பி முனகியது, தயங்கியது, நின்றது.

எவ்வளவு நேரம் நின்றது என்று எனக்குத் தெரியாது. அடியில் ஆறு இரையும் சத்தம் மட்டும் கேட்டது. தங்கம் மேலே கிடக்கிறாள், நான் இங்கே பலகையில் தொங்குகிறேன். பின்னால் ஒரு பாட்டின் இரண்டு சரணத்தைப் பாடி முடித்த மருத்துவச்சியம்மா கூப்பிட்டார்.

"தம்பி, மேல கம்பி பிடிக்கவருக்கும் ஒமக்கும் ஏதாவது பகை உண்டா?"

"பகை இல்ல அம்மா. ஒரு ஆடு அனுப்பினேன்."

"ஆடா?"

"தொப்பி வச்சு அனுப்பினேன்."

அவர் மூன்றாவது சரணத்தைப் பாடத் தொடங்கினார்.

அப்போதுதான் கம்பி மெல்ல அசைந்தது. எதிர்ப்பக்கம் பனிக்குள்ளிருந்து ஒரு உருவம் இறங்கி வந்தது. பலகையில் நீர். வார் இல்லை, தலையில் கமுகம்பாளைத் தொப்பி, இரண்டு கையாலும் தண்டைக் கட்டிப் பிடித்துக்கொண்டு. நாலைந்து கை தூரத்தில் என்னைக் கடந்து போனீர். ஒரு வார்த்தை பேசவில்லை. என்னைப் பார்க்கக்கூட இல்லை, நேரே பார்த்தபடி போனீர். நான் தொங்குகிற அழகைக் கண்ணால் காணத்தான் பூசணிக்காய் புறப்பட்டு வந்திருக்கிறது, சிரிப்பை அடக்கத்தான் முகத்தைத் திருப்பிக்கொள்கிறது என்று நான் முடிவு கட்டிவிட்டேன்.

மேலே போய் இறங்கியபோது கம்பைப் பிடித்துக்கொண்டு நின்றது கங்காணி. அவருக்கு அதில் பழக்கமில்லை. விட்டுப் பிடிக்கத் தெரியாமல் அழுத்தியதில் மரக்கட்டை தேய்ந்து புகைந்து, கொட்டகை முழுக்கக் கரிந்த வாடை. மருத்துவச்சியம்மா வாரை அவிழ்த்து எறிந்துவிட்டு லயத்துக்கு ஓடினார். அந்த உடம்போடு அவர் ஓடியதை இப்போதும் நினைத்தால் கும்பிடத் தோன்றுகிறது. விளக்கு வைக்கிற நேரத்துக்குப் பிள்ளை அழுகிற சத்தம் கேட்டது. வெளியே வந்து, "கொஞ்சம் பிந்தியிருந்தா ரெண்டும் இல்ல" என்று மட்டும் சொன்னார்.

பாதை இல்லாததால் நீர் மறுநாள் வரை கீழ்க் கொட்டகையிலேயே கிடந்தீர். நான் வைத்திருந்த மரச்சீனிக் கிழங்கு முழுவதையும் அவித்துத் தின்றுவிட்டீர். அதையும் என் குற்றப் பட்டியலில் சேர்த்துக்கொண்டேன்.

கம்பை விட்டுவிட்டு ஏன் போனாய் என்று துரை கேட்டார். கட்டை நனைந்துபோயிற்று, கம்பி எங்கே சிக்கியது என்று பார்க்கப் போனேன் என்றீர். கட்டை கரிந்து கிடக்கிறது, நனைந்துபோயிற்று என்று சொல்கிறீர். நான் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். பொய் சொல்கிறார் என்று எனக்குத் தெரிந்தது. என்ன பொய் என்று தெரியவில்லை. உம்மைக் கம்பியிலிருந்து இறக்கிப் பால் வெட்டுக்குப் போட்டார்கள். அந்த உடம்போடு விடியற்காலையில் மரம் மரமாகச் சரிவில் ஏறி இறங்கினீர். ஒரு வருசத்தில் பாதியாகிவிட்டீர். "மெலிஞ்சிட்டீரே ஓய், துரைக்கு ஒரு கோழி கொண்டு கொடும்" என்று நான் சொன்னேன். நீர் சிரித்தீர். அந்தச் சிரிப்பையும் சந்தேகப்பட்டேன்.

தங்கம் ஒவ்வொரு பிறந்த நாளிலும் மகளை உம்முடைய வீட்டுக்கு அனுப்பி ஆசீர்வாதம் வாங்கி வரச் சொல்லுவாள். "அவரு இல்லேன்னா நானும் இல்ல, இவளும் இல்ல." நான் முணுமுணுப்பேன், "தொங்கவிட்டவரும் அவருதானே." ஒரு தடவை உம்மிடமே நேரில் கேட்டேன். அன்றைக்கு வேணும்னே நிறுத்தினீரா ஓய்? நீர் பீடியைப் பற்றவைத்துக்கொண்டு, "கட்டை நனைஞ்சு போச்சுன்னு சொன்னேன்லா" என்றீர். அதோடு பேச்சை முடித்துவிட்டீர்.

இன்று காலையில் வாரைப் புரட்டிப் பார்த்தேன். இரண்டு தோலை வைத்துத் தைத்த வார். உள்பக்கம் பீடி வைக்கிற ஒரு மடிப்பு. விரலை விட்டேன், ஒரு தாள் தட்டுப்பட்டது. நாலாக மடித்து, ஓரமெல்லாம் கிரீஸ் ஏறிய தாள். பிரித்தால் என்னுடைய கோழிக்கிறுக்கல்.

"மருத்துவச்சி 180. நான் 130."

அதற்குக் கீழே பென்சிலில் உம்முடைய எழுத்து. "130 இருக்காது. 150 வச்சுக்கிடுவோம்."

இன்னொன்றையும் ஒப்புக்கொண்டுவிடுகிறேன். பிள்ளை பிறந்த மறு மாதம் கிராம்பு நிறுக்கிற தராசில் யாரும் இல்லாத நேரம் பார்த்து ஒரு தடவை ஏறினேன் ஓய். நூற்று எழுபது காட்டியது. தராசு சரியில்லை என்று சந்தேகப்பட்டு இறங்கிவிட்டேன். பெண்டாட்டி வலியில் துடிக்கிற அன்றைக்கும், விளையாட்டு வேண்டாம் என்று நீர் எழுதிக் கேட்ட பிறகும், உமக்கும் எனக்கும் கனத்தில் பெரிய வித்தியாசம் இல்லை என்று உமக்குத் தெரிந்துவிடக் கூடாது என்ற வீம்பு எனக்கு. எழுதினதை அடுத்த நிமிசமே மறந்தும் போனேன். நான் புளுகுவேன் என்று உமக்குத் தெரியும். அதனால் இருபது கூட்டிப் போட்டீர். நான் நாற்பது குறைத்திருந்தேன். நீர் என்னைப் பற்றி நினைத்ததைவிட நான் இருமடங்கு புளுகன். மிச்சம் அந்த இருபது ராத்தல்தான் எங்களைப் பள்ளத்துக்கு மேலே நிறுத்தியது.

மழையில் பால் வெட்டு இல்லை, புகைக்கூடத்தில் கிடந்த கட்டெல்லாம் முதலிலேயே இறக்கியாகிவிட்டது. சாக்கில் கல் பொறுக்கி நிறைத்துக்கொண்டிருந்தால் தங்கம் தாங்கமாட்டாள். மேலே கனமாக மிச்சம் இருந்தது நீர் ஒருவர்தான். இருந்த ஒரே வாரையும் கீழே அனுப்பிவிட்டவர், வார் இல்லாமல் பலகையில் ஏறி வந்தீர். என்னைப் பார்க்க வரவில்லை. கனமாக வந்தீர். நேரே பார்த்துக்கொண்டு போனது சிரிப்பை அடக்க அல்ல. உமக்கும் பயம், அவ்வளவுதான். நீரும் அதற்கு முன்னால் ஒரு நாளும் அதில் ஏறியவர் இல்லை என்பது இன்றைக்குத்தான் எனக்கு ஞாபகம் வருகிறது.

என் எடை எழுதிய அந்தச் சீட்டைத் துரையிடம் நீட்டியிருந்தால் உம்முடைய வேலை உமக்கும், சிரிப்பு ஊருக்கும் கிடைத்திருக்கும். பிள்ளை பெற்றவள் முன்னால் என்னைப் புளுகனாக நிறுத்த வேண்டாம் என்று நினைத்தீரோ என்னவோ. ஏன் இதைக் கிழித்துப் போடாமல் வைத்திருந்தீர் என்பதில் மட்டும் எனக்கு இன்னும் ஒரு சின்னச் சந்தேகம் இருக்கிறது. ஒரு நாள் காட்டிச் சிரிக்கலாம் என்றுதானே?

நாளைக்கு மைனியிடம் போய் எல்லாவற்றையும் சொல்லி, வாரையும் திருப்பிக் கொடுப்பதாக இருந்தேன். சீட்டை நான் வைத்துக்கொள்கிறேன். சட்டைப் பையில்தான் இருக்கிறது. தங்கத்திடம் இன்று சாயங்காலம் வாசித்துக் காட்டினேன். அவள் முதலில் அழுதாள். பிறகு என்னை ஒரு பார்வை பார்த்தாள். ஏழு வருசத்துக்கு மொத்தமாகச் சேர்த்துப் பார்த்த பார்வை.

கொடுப்பதற்கு முன்னால் வாரை ஒரு தடவை இடுப்பில் கட்டிப் பார்த்தேன். அன்று மருத்துவச்சியம்மாவுக்குக் கடைசித் துளையில் நின்ற வார். எனக்கு அதற்கு முந்தின துளையில் சரியாக நின்றது. மூச்சை இழுத்து இன்னும் மூன்று துளை உள்ளே தள்ளி மாட்டினேன். நூற்று முப்பது ராத்தல் ஆளுக்கு அந்தத் துளைதான் வரும். மாட்டிய வார்க்கொக்கி திரும்பக் கழலவில்லை. தங்கம் தேங்காய் எண்ணெய் விட்டுப் பார்த்தாள். மகள் காலை ஊன்றி இழுத்துப் பார்த்தாள். வாரை அறுக்கக் கூடாது என்று நான் சொல்லிவிட்டேன். செருப்புத் தைக்கிறவர் சந்தைக்கு வருவது வெள்ளிக்கிழமை. இன்று திங்கள்.